நான்காவது கண்ணாடி

கலங்கரை விளக்கத்துக் கொத்தனாருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரில் பெயர். தெரியாது என்பதல்ல, இரண்டு மாதத்துக்கு முன்புவரை தேவைப்படவில்லை. அவ்வளவுதான்.

முப்பது வருடமாக அந்தக் கோபுரத்தின் காரையும் படிகளும் அவர் பொறுப்பு. முதலில் கட்டியவர்கள் ஆறடிக் கனத்தில் கருங்கல் சுவர் எழுப்பி, அறுபது அடியோடு நிறுத்திக்கொண்டார்கள். விளக்கு தெரியவில்லை என்று கப்பல்காரர்கள் புலம்பவே, பின்னால் வந்தவர்கள் அதன் தலையில் செங்கல்லால் இன்னும் நாற்பது அடி ஏற்றினார்கள். "ஒரு சட்டைக்கு ரெண்டு தையக்காரன்" என்பார் கொத்தனார். கல்லும் செங்கல்லும் சேருகிற இடத்தில், எழுபதாம் படிக்குப் பக்கத்தில், ஒரு விரிசல் இருந்தது.

விரிசல் வளருகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் காரை பூசி, தேதியைக் கீறிவிடுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அப்படி ஐந்து கண்ணாடிகள். மாதம் முதல் தேதி பார்த்துவிட்டு, நோட்டில் 'உடையவில்லை' என்று எழுதுவார். ஒன்பது வருடமாக அதே வார்த்தைதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு நான்காவது கண்ணாடி உடைந்திருந்தது. எழுதினால் கோபுரத்தைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால், பார்க்க வருகிறவர்களை மேலே கூட்டிப்போய்க் கோபுரத்தின் கதை சொல்லுகிற மகளுக்கு வேலை இல்லை. புருஷன் விட்டுப்போன பிறகு ஒரு வருடம் சுவரையே வெறித்துக்கொண்டிருந்த பெண். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் சிரித்தாள். கொத்தனார் புதுக் கண்ணாடியை ஒட்டி, பழைய தேதியைக் கீறி, மேலே தூசியும் தடவினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அதன்பிறகு அவள் மேலே ஏறும்போதெல்லாம் வாசலில் நின்று கையசைப்பார். அவள் செருப்புச் சத்தம் இறங்கி வரும்வரை மூச்சு சீராகாது. போன மாதம் கண்ணாடி முழுசாக இருந்தது. வெயிலுக்கு வெடித்ததற்கா இவ்வளவு பயந்தோம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இந்த மாதம் முதல் தேதி காலையில் போய்ப் பார்த்தால், அது மறுபடியும் உடைந்திருந்தது. கூடவே மூன்றாவதும். சட்டைப் பையில் மாற்றுக் கண்ணாடி இருந்தது. வெட்கக்கேடு, கை அதைத் தொடவும் செய்தது.

அப்போது கீழ்ப் படிகளிலிருந்து மகளின் குரல் கேட்டது. பின்னால் பத்துப் பதினைந்து பேரின் காலடிச் சத்தம்.

"பயப்படாதீங்க. இந்தத் திருப்பத்துல ஒரு விரிசல் இருக்கு. எங்க அப்பா மாசாமாசம் பாக்குறாரு. ஒன்பது வருஷமா ஒரு கண்ணாடிகூட உடையல."

அவர் படியில் குறுக்கே நின்றார்.

"மேல போகவேணாம்மா. எல்லாரையும் கீழ கூட்டிட்டுப் போ."

"ஏன்ப்பா?"

நான்காவது கண்ணாடியின் சில்லுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் காட்டினார். "இது பழைய கண்ணாடி இல்ல. பழசு ரெண்டு மாசம் முன்னாடியே உடைஞ்சுது. நான்தான் மாத்தி வச்சேன். சொன்னா உன் வேலை போயிடுமேன்னு."

அவள் சில்லுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வந்தவர்களை, "பாத்து இறங்குங்க, படி வழுக்கும்" என்று வழக்கம்போலச் சொல்லி, பத்திரமாக வெளியே கொண்டுவந்து விட்டாள். கதவைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் நீட்டினாள்.

"தினமும் நாலு தடவ ஏறினேன்ப்பா" என்றாள். "கீழ நின்னு கையசைச்சீங்களே."