ஜின்னியா பூக்கும்வரை

மலைமேல் இருக்கும் பள்ளங்கியில் எங்கள் ஆட்கள் தேதி சொல்லி வாக்குக் கொடுப்பதில்லை. பூண்டு எடுத்ததும் கல்யாணம், பீன்ஸ் ஓய்ந்ததும் அப்பாவின் குடலிறக்க ஆபரேஷன் என்றுதான் பேச்சு. எந்தப் பயிர் எத்தனை நாளில் வரும் என்று கேட்பவருக்கும் தெரியும் என்பதால் தகராறு வராது. நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் என் சித்தியும், அதாவது அம்மாவின் தங்கை, இதே முறைப்படி ஒரு வாக்குக் கொடுத்தாள். ஆனால் அவள் சொன்ன செடியைப் பற்றி எங்கள் தெருவில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

சித்தியைக் கன்னிவாடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு அங்கே விதைக்கடை. மாசி மாதத்தில் ஒருநாள் அவள் நாலு சேலையோடும், கடையிலிருந்து எடுத்துவந்த ஒரு விதைப் பாக்கெட்டோடும் தனியாக வந்து இறங்கினாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவும் அவளும் அடுப்படியில் ஏதோ பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு பூண்டு விலைக்கு மாறிவிடும். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை என்று, புகுந்த வீட்டில் விசேஷம் வந்தால் அவளை அடுப்படியிலேயே நிறுத்திவிடுவார்களாம். அதையெல்லாம் பெரியவளான பிறகுதான் கேள்விப்பட்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தி வந்தது லாபம் என்பது மட்டும்தான். அம்மா என் தலையை வாரினால் களை பிடுங்குவது போல இருக்கும். சித்தி சிக்கெடுத்தால் வலிக்காது. குளிர் நாட்களில் என் சாக்ஸை அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கித் தருவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது.

பத்தாம் நாள் மாமா வந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், அவருக்கும் கன்னிவாடிதான். மலைப்பாதை வளைவுகளில் குமட்டும் என்பதால் வழியெல்லாம் ஓர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவார். இறங்கியதும் பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நியாயம் பேச ஆரம்பிப்பார். அன்று அவர் வந்தபோது சித்தி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண்ணைக் கொத்தி விதை போட்டுக்கொண்டிருந்தாள். பாக்கெட்டின் மேல் சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாக ஒரே பூ. உள்ளே இருந்ததோ வெறும் சருகுத் துணுக்குகள்.

"மாப்ள கடையப் போட்டுட்டு வர முடியாம கெடக்காரு. கெளம்பு தாயி," என்றார் மாமா.

சித்தி நிமிரவில்லை. "இது பூக்கட்டும்ணே. பூத்ததும் வந்துர்றேன்."

"என்ன செடி?"

"ஜின்னியா."

மாமா ரொம்ப நாள் பழகிய செடி போலத் தலையாட்டினார். தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "சரி, வெரசா தண்ணிய ஊத்து," என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் மலை இறங்கினார்.

ஒன்பது செடிகள் தேறின. இலையைத் தடவினால் மாட்டு நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். சித்தி தினமும் தண்ணீர் ஊற்றினாள், களை எடுத்தாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. சித்திரை பிறந்ததும் ஒரு செடியின் உச்சியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு முதல் மொட்டு வந்தது. அது பூத்தால் சித்தி போய்விடுவாள். மறுநாள் காலை பல் தேய்க்கும் சாக்கில் கல்லடிக்குப் போய் அதைக் கிள்ளி ஓடையில் போட்டேன். அதற்கடுத்து வந்த மொட்டுகளையும் அப்படியே செய்தேன்.

முதல் மொட்டைக் கிள்ளினால் ஜின்னியா பக்கக் கிளை விடும், பூ இரட்டிப்பாகும் என்று இப்போது போனில் வரும் தோட்ட வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு அப்போது யார் சொல்ல? ஒன்றைக் கிள்ளினால் இரண்டு வந்தது. இரண்டைக் கிள்ளினால் நாலு வந்தது. பெருக்கல் கணக்கு எனக்குத்தான் வரவில்லை, செடிக்கு நன்றாகவே வந்தது.

மாமா மறுபடியும் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். புதர் மாதிரி தழைத்து நிற்கும் செடிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏத்தா, இம்புட்டு வளந்தும் ஒரு பூ இல்லையே. இதுக்கு என்ன கேடு?" என்று என்னைக் கேட்டார்.

"நத்தை மாமா. மொட்ட எல்லாம் தின்னுருது," என்றேன்.

சித்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, நத்ததேன்," என்றாள். நான் பயந்ததற்கு, அவள் நம்பிவிட்டாள் என்றதும் பெரிய நிம்மதியாக இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் சொன்ன பொய் பலித்துவிட்டது. முந்தின நாள் மாலை எண்ணி வைத்துவிட்டுப் போன மொட்டுகளில் இரண்டு மூன்று காலையில் நான் போவதற்குள் காணாமல் போயிருக்கும். இலையில் ஓர் ஓட்டைகூட இராது. மொட்டு மட்டும் போயிருக்கும். இவ்வளவு நாசூக்காகத் தின்னும் நத்தையை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா அதை ஒழிக்கச் செடிகளைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினேன். எனக்குத் துணைக்கு வந்த நத்தை சாகக்கூடாது.

ஒருநாள் சித்தி தலை வாரும்போது ஜின்னியாக் காம்பின் பச்சை வாடை அடித்தது. என் விரலிலிருந்துதான் வருகிறது, கண்டுபிடித்துவிடுவாள் என்று இரண்டு கைகளையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

கோடை விடுமுறையில் என் தம்பிக்கு மொட்டை போடப் பழனிக்குப் போனோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை என்பதால் மாமாவும் வந்துவிட்டார். சித்தி துண்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். அப்பாவின் அக்கா வீடு அங்கே இருந்ததால் ஒரு வாரம் தங்கினோம். எனக்குப் பஞ்சாமிர்தம் இறங்கவில்லை. நத்தை ஒன்றே ஒன்று, மொட்டுகளோ ஏகப்பட்டது. தனியாக என்ன செய்யும் என்ற கவலை.

கவலைப்பட்டது போலவே ஆனது. நாங்கள் திரும்பி வந்தபோது துவைக்கிற கல்லடியே தெரியவில்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ் என்று பாக்கெட்டில் போட்டிருந்ததைவிடப் பகட்டாகப் பூத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடவே வந்திருந்த மாமா பையைக் கீழே வைத்தார்.

"பூத்துருச்சுல்ல," என்றார்.

சித்தி ஒரு பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சேலைகளை மடிக்க உள்ளே போனாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறாள், தங்கியதில்லை.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மாமா புது எலுமிச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நான்தேன் கிள்ளுனேன் சித்தி. நீ போகக்கூடாதுன்னு தெனமும் கிள்ளுனேன்."

சித்தி என் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"தெரியும்டி," என்றாள். "ரெண்டு பேரு கிள்ளியும் பத்தாமப் போச்சு, பாத்தியா."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினேன். சித்திக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நத்தையைக்கூட ஓர் ஆளாகக் கணக்கில் சேர்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.