போவட்டுங்களா மாமா

பாடாலூர்ப் புரோட்டாக் கடை வேலையை விட்டுவிட்டுச் சிறுவாச்சூர்ப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். எங்கேயும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தங்கினவன் இல்லை நான். குறுக்கு வழி என்று புதிதாகப் பிரித்த மனைகளுக்குள் நுழைந்துவிட்டேன். காவல்காரர் கத்தினார்.

"யாரைக் கேட்டு இந்த வழியா வரீங்க?"

"யாரையும் கேக்கலீங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதே பதிலைத் தங்கராசு அண்ணன் அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவருடைய வண்டித்தடம் பிழைத்திருக்கும்.

அவரிடம் நான் டிராக்டர் ஓட்டிய காலம் அது. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம் உங்களுக்குத் தெரியாததா? இப்போதும் வெங்காயத் தாள் வாடையும் டீசலும் கலந்து அடித்தால் எனக்குக் கால் பரபரக்கும். அவர் வெங்காயக் காட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் மந்தை, அதாவது ஊர்ப் பொதுநிலம். அதன் குறுக்கே அவர் அப்பா மாட்டுவண்டி ஓட்டிய தடத்தில்தான் எங்கள் டிராக்டரும் போனது. வண்டிக்கு வேறு வழி கிடையாது.

மந்தை ஓரத்தில் நாட்டாமை வீடு. ஒவ்வொரு தடவையும் தங்கராசு இறங்கிப் போய், "வண்டி போவட்டுங்களா மாமா?" என்பார்.

"போ மாப்ள, இதை வேற கேக்கணுமா? நாளைக்கு மூச்சு வுடவும் கேப்ப போலருக்கே!"

நான் இன்ஜினை உறுமவிட்டபடி காத்திருப்பேன். பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே இல்லை.

பிறகு ஊரார் மந்தைக்குக் கம்பி வேலி போட்டார்கள். ஆள் நடக்கச் சந்து விட்டார்கள், வண்டிக்கு விடவில்லை. தங்கராசு கோர்ட்டுக்குப் போனார். எங்கள் வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். "மாமூல் பாதை. தலைமுறையா உரிமையோட ஓட்டுறோம். இதுக்கு மேல வாயத் தொறக்காதீங்க." எட்டாவதோடு நின்ற எனக்கு மாமூல் என்றால் கைக்குள் வைத்து அழுத்துவது மட்டும்தான் தெரியும்.

கூண்டில் நின்றவரிடம் எதிர் வக்கீல் தேனாகப் பேசினார். "நல்ல பேர் எடுத்த மனுஷன் நீங்க. நாட்டாமை வீட்டைத் தாண்டி, ஒரு வார்த்தை கேக்காம, மரியாதை இல்லாம வண்டியை விட்டிருப்பீங்களா?"

தங்கராசுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைப் பாத்து என்ன கேக்குறீங்க? எங்கப்பா காலத்துலேர்ந்து கேக்காம ஒரு நாள் வண்டி மந்தையில ஏறுனது கெடையாதுங்க!"

எங்கள் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். கேட்டுப் போனால் அது அவர்கள் தயவு. கேட்காமலே காலகாலமாகப் போனால்தான் உரிமையாம். தீர்ப்பும் அதையே சொன்னது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "மரியாதை கெட்டவனா இருந்திருந்தா செயிச்சிருப்பேண்டா" என்றார் தங்கராசு. பிடுங்கிய வெங்காயம் காட்டில் கிடந்தது. வானம் மூடியிருந்தது. நான் அரியலூருக்கு லாரி ஓட்டக் கிளம்புவதாக இருந்தேன், கிளம்பவில்லை.

இன்று அந்தத் தடம் முழுக்கச் சீமைக்கருவேலம். ஆனால் தடத்துக்கு முன்பே அந்தப் 'போவட்டுங்களா' போய்விட்டது. அது போன வேளை எனக்குத் தெரியும்.

தீர்ப்புக்கு மறுநாள் காலை, ஆள் நடக்க விட்ட சந்து வழியாக அதே மந்தையில் வெங்காய மூட்டை சுமக்கும் கூலியாகச் சேர்ந்தேன். எனக்கு முன்னால் தங்கராசும் தலையில் ஒரு மூட்டையோடு போனார். நாட்டாமை வாசலில் நின்றிருந்தார்.

"என்ன மாப்ள, ஒரு வார்த்தை சொல்லாம போற?"

தங்கராசு நிற்கவில்லை. நானும் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.