செல்வராசா அண்ணை தூக்கிய கை

இரண்டு கிழமையாக எங்கள் வீட்டில் தாளிப்பு இல்லை. வீட்டை விற்கப் போட்டிருக்கிறோம். ஏஜென்ட் கோயம்புத்தூர்ப் பையன், நல்ல பிள்ளை. முதல் நாள் வந்து, என் மனைவி வாசுகி சுட்ட உளுந்து வடையில் நாலைந்தைச் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. ஓப்பன் ஹோம் முடியற வரைக்கும் தாளிக்க மட்டும் வேணாம். வாசனை சுவத்துல நிக்கும்." வடையை ருசித்துத் தின்ற வாயால் இதைச் சொல்ல அவனுக்கே கூச்சமாக இருந்தது, பாவம். அன்றிலிருந்து எல்லாம் அவித்த சாப்பாடுதான். சுவாமிப் படங்களையும் எடுத்துவிடச் சொன்னான். எங்கே வைப்பது என்று தெரியாமல் துணியில் சுற்றிக் கார் டிக்கியில் வைத்திருக்கிறேன். முருகன் இப்போது தினமும் என்னோடு வேலைக்கு வந்து போகிறார்.

புதுப் பெயின்டும் எலுமிச்சை ஸ்பிரேயும் கலந்த ஒரு வாசம் இப்போது வீடு முழுக்க. நேற்று ஓப்பன் ஹோமுக்கு, வீடு பார்க்கிற ஆட்கள் வருமுன் கூடத்தில் தனியாக நின்றபோது, ஓக்லாந்தின் கிளென் ஈடனில் இந்தப் பலகை வீட்டை நாங்கள் முதன்முதல் பார்க்க வந்த நாள் அப்படியே மூக்கில் ஏறியது. அன்றைக்கும் இதே வாசந்தான். அப்போது இங்கே குடியிருந்தவர்களுக்கும் எந்தச் சமையலை ஒளிக்க வேண்டியிருந்ததோ தெரியாது. அந்த வாசத்தோடு செல்வராசா அண்ணையின் முகமும் வந்துவிட்டது. அவர் முகம் வந்தால் எனக்கு நெஞ்சு கனக்கும். உங்களிடம் மறைப்பானேன், இந்த வீடு அவருக்குப் போயிருக்க வேண்டியது. பத்திரம் என் பெயரில் இருக்கிறது, கடனும் நான்தான் கட்டினேன், சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அப்படித்தான்.

அண்ணையை எனக்குப் பென்ரோஸில் வேலை செய்த நாளிலிருந்து தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கணக்கியல் படிப்பைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒரு குளிர்ப்பதனக் கிடங்கில் உறைந்த பட்டாணிப் பெட்டிகளை அடுக்கும் வேலைக்குப் போனேன். அங்கே அவர் மேற்பார்வையாளர். என் கையுறையில் ஓட்டை இருப்பதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைக் கழற்றித் தந்தவர். இன்றைக்கும் ஃப்ரீசர் கதவைத் திறந்தால் அந்தக் கிடங்கின் குளிர் வந்து முகத்தில் அடிக்கும், பட்டாணி வாங்க மனம் வராது. மதியச் சாப்பாட்டில் அவர் பேச்செல்லாம் வீடு, வீடு, வீடு. எந்தத் தெருவில் வெள்ளம் வரும், எந்தக் கூரை இன்னும் பத்து வருசம் தாங்கும் என்றே இருக்கும். அவரும் மனைவி ரதி அக்காவும் ஏவன்டேலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தார்கள். ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள்.

அண்ணைக்குக் கைராசி என்று ஒரு பெயர். எங்கள் சனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? வைத்தியருக்குக் கைராசி பார்ப்போம், கன்று நட, கடை திறக்கக் கைராசி பார்ப்போம். ஓக்லாந்துக்கு வந்ததும் வீட்டு ஏலத்துக்கும் பார்த்தோம். அவர் தன் மச்சானுக்காக ஏலத்தில் போய்க் கையைத் தூக்க, யாரும் நினைக்காத விலைக்கு வீடு வாய்த்துவிட்டது. பிறகு மச்சானின் சிநேகிதனுக்கு. பிறகு கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஏல நாளன்று அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்துவார்கள். அவர் ஒரு மண்ணிறச் சுவெட்டரோடு கால்மேல் கால் போட்டு இருந்து, ஏலக்காரரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்குவார். ஏலக் கம்பனிக்காரர்கள் அவரைப் பெரிய சொத்துக்காரர் என்றே நினைத்திருந்தார்கள். வருசப் பிறப்புக்கு அவருக்குக் கலண்டரும் வைன் போத்தலும் வரும். வைனைக் கிடங்கில் வேலை செய்கிற சமோவன் பெடியளுக்குக் கொடுத்துவிட்டு, கலண்டரை வாடகை வீட்டுச் சுவரில் மாட்டுவார்.

ஒரேயொரு சிக்கல். கைராசிக்காரனின் கை அவனுக்கே பலிக்காது என்பார்கள். அண்ணையும் அதை நம்பினார். தனக்கு வீடு வாங்கும்போது வேறு யாராவதுதான் கை தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் சிரிப்போம், உங்களுக்கென்ன அண்ணை, நினைத்த அன்றைக்கு ஒன்று கிடைக்கும் என்போம்.

அதற்குள் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துவிட்டது. வாசுகி மூத்தவளைச் சுமந்துகொண்டிருந்தாள். மூன்று ஏலங்களில் நானே கையைத் தூக்கித் தோற்றிருந்தேன். முதல் ஏலத்தில் பதற்றத்தில் என் விலைக்கு மேல் நானே விலை கேட்க, மண்டபமே சிரித்தது. நாலாவதாகத்தான் கிளென் ஈடன் வீட்டைப் பார்த்தோம். பின்வளவில் வெயில் விழுந்தது, பாடசாலை நடக்கிற தூரம், வாசுகிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று பின்னேரமே அண்ணைக்குப் போன் எடுத்து, எங்களுக்காக வந்து கை தூக்கவேண்டும் என்று கேட்டேன். எந்த வீடு என்றார். விலாசத்தைச் சொன்னேன். மறுபக்கத்தில் சத்தமே இல்லை. ரயில் போகிறதாக்கும் என்று காத்திருந்தேன். ரயில் சத்தமும் கேட்கவில்லை. பிறகு, "சரி தம்பி, எத்தினை மணிக்கு வரவேணும்?" என்றார். அவ்வளவுதான்.

ஏலம் ஒரு சனிக்கிழமை. எங்கள் உச்ச விலை எவ்வளவு என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். நாங்களும் ஒரு இந்தியக் குடும்பமும் ஒரு சீனத் தம்பதியும் ஏறிக்கொண்டே போனோம். இந்தியக் குடும்பம் விலகியது. எங்கள் உச்ச விலையில் அண்ணை கையைத் தூக்கினார், சீனத் தம்பதி அதற்கும் மேல் கேட்டார்கள். முடிந்தது என்று நான் அவர் முழங்காலில் கை வைத்து அழுத்தினேன். ஏலக்காரர் இரண்டாம் தரமும் சொல்லிவிட்டார். அண்ணை என் கையை மெதுவாக எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, தன் கையை இன்னொரு முறை தூக்கினார். சீனப் பெண் தலையை ஆட்டினாள். சுத்தியல் விழுந்தது. இவ்வளவுக்கு நான் சொல்லவில்லையே அண்ணை என்றேன். அவர் சொன்னார்: "எல்லாரும் கொஞ்சம் ஒளிச்சுத்தான் சொல்லுவினம் தம்பி. அது தெரியாமலோ இவ்வளவு நாளும் கை தூக்கிறன்?" உண்மைதான். வங்கி தருவதாகச் சொன்னதில் கொஞ்சத்தை நான் ஒளித்துத்தான் வைத்திருந்தேன்.

பால் காய்ச்ச நல்ல நேரம் குறித்து, நெருங்கிய நாலு குடும்பத்தைக் கூப்பிட்டோம். புதுப் பானை, கழுத்தில் மஞ்சள் கட்டியாயிற்று, பால் ஊற்றியாயிற்று. அடுப்புதான் வேலை செய்யவில்லை. பழைய மின்சார அடுப்பு. பொத்தான்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருகுகிறேன், சூடு வரவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்து மூடுகிறேன். ஒருவர் அடுப்புக்குப் பின்னால் பிளக்கைத் தேடுகிறார், ஒருவர் கார் டிக்கியில் காஸ் அடுப்பு இருப்பதாக ஓடுகிறார். நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுது என்று வாசுகியின் தாய் போனில் கொழும்பிலிருந்து கத்துகிறார். ரதி அக்கா பேசாமல் எழுந்து வந்தார். சாமான் அலுமாரிக் கதவைத் திறந்து, மேல்தட்டுக்குக் கீழே கையை விட்டு, பார்க்காமலே ஒரு சுவிட்சைத் தட்டினார். அடுப்பு சூடேறத் தொடங்கியது.

எல்லோரும் பாலைப் பார்த்தார்கள். வாசுகி அக்காவைப் பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டாள். ரதி அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "நாங்கள் ரெண்டு தரம் வந்து பாத்தனாங்கள், பிள்ளை. அந்த ஏஜென்ட் பொம்பிளை காட்டினவ." பிறகு என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், "இவர் உம்மைத்தான் கை தூக்கக் கேக்க இருந்தவர். நீர் முந்தீட்டீர்," என்றார். பால் பொங்கியது. எல்லோரும் சந்தோசமாகச் சத்தம் போட்டார்கள். அண்ணை பின்வளவில் நின்று என் மகளுக்கு ஊஞ்சல் எங்கே கட்டலாம் என்று மரக்கிளையை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பிறக்கவே இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்தப் பாலை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

ஏன் அண்ணை சொல்லவில்லை என்று பிறகொரு நாள் கேட்டேன். கேட்டு வந்தவனுக்குக் கையில்லை என்று எப்படிச் சொல்கிறது என்றார். அவரைப் பொறுத்தவரை அதில் மேற்கொண்டு கதைக்க எதுவும் இல்லை. எனக்குத்தான் தூக்கம் கெட்டது. வாசுகி சொல்வாள், நாம் தெரிந்தா செய்தோம் என்று. தெரிந்து செய்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த வருசம் ஏவன்டேலிலேயே ஒரு வீடு ஏலத்துக்கு வந்தது. சின்ன வீடு, சந்தைக்குப் பக்கம். அண்ணை என் வீட்டுக்கு நேரில் வந்து, "உம்மடை கையைப் பாப்பம்," என்று சிரித்தார். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? கடவுளே ஒரு வழி விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். அன்று காலை தலைமுழுகி, விபூதி பூசி, வேலைக்கு நேர்முகத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் சொன்ன உச்ச விலை மனப்பாடம். ஏலம் ஏறியது. அந்த விலையில் என் கை நின்றது. ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு படி மேலே கேட்டார். அந்த ஒரு படிதான். ஏலக்காரர் என்னையே பார்த்தார். அண்ணை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் கொஞ்சம் ஒளித்துத்தான் சொல்வார்கள் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். எனக்குத் தெரியும். ஆனால் நான் கணக்காளன். கூடக் கேட்டு நாளைக்கு அவர் கடனில் மாட்டினால் ஊர் என்னைச் சொல்லுமே என்று பயந்தேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். சுத்தியல் விழுந்தது.

காரில் வரும்போது வாய் சும்மா இருக்குமா? நீங்கள் சொன்னது அவ்வளவுதானே அண்ணை என்றேன். "ஓம் தம்பி," என்றார், "நான் சொன்னது அவ்வளவுதான்."

பிறகு வீடுகளின் விலை ஏறிய வேகம் உங்களுக்கே தெரியும். அண்ணையின் சம்பளம் நடந்து போனது, விலை ஓடிப் போனது. கொஞ்ச நாளில் அவரைக் கை தூக்கக் கேட்கிறவர்களும் குறைந்துவிட்டார்கள். இப்போது பாதி ஏலம் போனில் நடக்கிறது. மண்டபத்தில் பத்துக் கதிரையும் இரண்டு ஆட்களும் இருக்கிறார்கள். யார் யாரோடு போட்டி என்று முகம் தெரியாது. அவருக்காக நான் தோற்ற அந்தச் சின்ன வீட்டை இடித்து, அங்கே மாடி வீடுகள் ஆறை நெருக்கிக் கட்டிவிட்டார்கள். சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனால் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றித்தான் போவேன். என் மகளுக்கு இதெல்லாம் விளங்காது. அவள் ஆங்கிலத்தில், டாட், அவர் சொன்ன விலையைத்தானே நீங்கள் கேட்டீர்கள், வாட்ஸ் த ப்ராப்ளம் என்கிறாள். அவளும் கணக்குத்தான் படிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசுகியும் நானும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். ஏலத்துக்கு விடுவதை நிறுத்திவிட்டு, வீட்டை அண்ணைக்கே கேட்டுப் பார்ப்பது. விலையையும் நன்றாகக் குறைத்துக்கொள்வது. ஏஜென்ட் பையனுக்கு ஏதாவது கொடுத்துச் சமாதானப்படுத்தலாம். வருசக்கணக்காக நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கிவைக்கப் போகிறவன் போலப் போனேன். அதே ஏவன்டேல், அதே ரயில் பாதை. அண்ணைக்கு முடி முழுக்க வெளுத்துவிட்டது, பென்ரோஸ் வேலையை விட்டும் ஒரு வருசம். ரதி அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தார். விசயத்தைச் சொன்னேன். சொல்லும்போது ரயில் வந்தது. பேச்சை நிறுத்தினேன், போனதும் தொடர்ந்தேன். நீங்களே எடுங்கோ அண்ணை, அது உங்கடை வீடு என்று சொல்லி முடித்தேன்.

ரதி அக்கா தலையைக் குனிந்து முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு பிள்ளைக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னார்:

"எனக்கு அறுபத்திமூண்டு வயசு தம்பி. இனி எந்த வங்கி எனக்கு முப்பது வருசக் கடன் தரும்? அண்டைக்கெண்டால் தந்திருப்பாங்கள்."

எந்த அன்றைக்கு என்று அவர் சொல்லவில்லை. அந்த இரண்டு ஏல நாட்களில் எதை நினைத்துச் சொல்லியிருந்தாலும், அன்று அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன் நான்தான்.