பத்து மணிக்கு வந்தவள்

நான் பொய் சொல்லி ஒரு தாயைச் சிறை வைத்தவன். பொய் என்றால் இரண்டே சொல்... "ஆமா சார்." அவ்வளவுதான்!

சின்ன காஞ்சிபுரத்தில் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கருட சேவைக்குத் தோள் கொடுக்கும் குடும்பம், தங்கமான மனிதர் என்பார்கள். நம்பிவிடாதீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களை நாமெல்லாம் சந்தேகத்தோடு பார்த்த காலம். ஊருக்கு வெளியே இருந்த அகதி முகாமில் நான் எழுத்தர். காலை பத்து மணிக்குப் பெயர் கூப்பிடுவேன். குடும்பத் தலைவர் நேரில் நின்று கையெழுத்திட வேண்டும். நிற்காதவர் ஓடிப்போனவர்! விதி அப்படித்தான் எண்ணியது.

செல்வராணி, கணவனைக் கடலில் பறிகொடுத்து வந்தவள். நான்கு வயது மகளுக்குக் கடும் காய்ச்சல். ஒரு மத்தியானம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"ஐயா, பிள்ளையைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். இரவு தங்கச் சொன்னால்..."

"தங்கிட்டே வாங்கம்மா. நாளைக்குப் பத்து மணிக்கு இங்க இருந்தா போதும். நான் பாத்துக்கறேன்."

நான் பாத்துக்கறேன்! சொன்ன வாய் இதுதான்.

மறுநாள் விடியலில் கருட சேவை. எனக்குப் பதிலாகப் பெயர் கூப்பிட ஒப்புக்கொண்ட நண்பர் அன்று மாலை கையை விரித்துவிட்டார். பெருமாளை விடுவேனா? அந்த மாலையே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, மறுநாள் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கினேன். செல்வராணியின் கட்டம் மட்டும் காலி. வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று அறையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், தோள் வலியோடு திரும்பினேன். அறையைத் திறந்தேன், பின்னாலேயே முகாம் வாசலில் போலீஸ் ஜீப். திடீர்ச் சோதனை! பதிவேட்டைத் திறந்து வைத்தேன். எல்லோர் கையெழுத்தும் இருக்கிறது, செல்வராணியுடையது இல்லை. அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"பத்து மணிக்கே வந்தனான். அறை பூட்டிக் கிடந்தது. ஐயாட்டக் கேளுங்கோ, அவருக்கு எல்லாம் தெரியும்."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "காலைல பத்து மணிக்குத்தானே கூப்ட்டீங்க?"

தேதி பொய் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும்...

"ஆமா சார்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வேன்! பத்து மணிக்கு வந்தேன் என்று பொய் சொன்னவள், ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்பதும் பொய்தானே, இரவில் எங்கோ ஓடிப்போய் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். அனுமதி கொடுத்தவன் வாய் திறக்காமல் நின்றேன். முகாமே நடந்ததை அறியும். ஆனால் யார் பேசுவார்? நாளை அவர்கள் பெயரையும் கூப்பிடப் போகிறவன் நான்தானே!

பதினொரு மாதம் அவளை, சிறப்பு முகாம் என்ற பெயரில் இருந்த சிறையில் அடைத்து வைத்தார்கள். திரும்பி வந்தபோது, மகள் பக்கத்து வீட்டுக்காரியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளைத்தான் அம்மா என்றாள். இதையும் நான் பார்த்தேன்.

ஆண்டுகள் போயின. அகதிகளை மனிதராக நடத்தும்படி விதிகளைத் திருத்தப் போகிறோம், அனுபவசாலி நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். என்னிடம்! எழுதினேன். முதல் வரியே இதுதான்: முன்கூட்டி அறிவிக்காமல் பெயர் கூப்பிடும் நேரத்தை மாற்றக் கூடாது.

அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். "இப்படிலாம் யாருப்பா செய்யப் போறாங்க?"

சொல்லியிருக்கலாம். வேலைக்கு அப்போது ஒரு ஆபத்தும் இல்லை...

"யாரும் இல்ல சார். சும்மா ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான்."