வெளித் தாழ்ப்பாள்

பெற்ற தாய் செத்த சேதியைச் சொல்லப் போன தம்பியை, கூடப் பிறந்த அக்காவே வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். அதுவும் கொட்டுகிற மழையில். ஐந்து நிமிஷத்தில் குடையோடு வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், அழுதாள், அப்படியே கூடக் கிளம்பினாள். எல்லாம் சரி. அந்த ஐந்து நிமிஷத்துக்கு என்ன பதில்? இருபது வருஷமாக அந்தத் தம்பி, தச்சர், அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மரத்துக்குள் முறிந்து நின்ற ஆணி அது. மேலே இழைத்து வார்னிஷ் அடித்து மறைத்துவிடலாம், ஆனால் உளி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தட்டும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பெஞ்சைச் செய்து கொடுத்ததே அவர்தான்.

அக்கா இருந்தது ஒரு மகளிர் உரிமைச் சங்கத்தில். அடி உதைக்குத் தப்பி வருகிற பெண்களுக்கு இடம் கொடுத்து, அவர்களுக்காகக் கோர்ட்டு ஏறி இறங்குகிற சங்கம். அக்கா படித்தவளும் இல்லை, மைக்கைப் பிடித்துப் பேசுகிறவளும் இல்லை. கதவுக்கு ஆள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கதவைத் திறந்தவளும் அவள்தான், சாத்தியவளும் அவள்தான். 'தாழ்ப்பாளக்கா' என்றுதான் அங்கே பேர். சேர்ந்த மறு வருஷம் தம்பியின் பட்டறைக்கு வந்தாள்.

"மூணு பேர் உக்கார்ற மாதிரி ஒரு பெஞ்சு வேணும்டா. வெயில் மழைக்குத் தாங்கணும்."

அவரும் நல்ல மரமாகப் பார்த்து, ஆணி வெளியே தெரியாமல் செய்து, தலையில் சுமந்துகொண்டு போனார். அக்கா கேட்டுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

"இங்க போடு. ஆம்பளைங்க யாரா இருந்தாலும் இதுல உக்காந்து பேசிட்டுப் போயிடணும்."

"நானுமா?"

"ஏன், நீ ஆம்பளை இல்லையா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். குடிக்கத் தண்ணீர் பெஞ்சுக்கே வந்தது. அந்த மழை நாள் வரும்வரைக்கும் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

சங்கத்துக்கு இன்னொரு வழக்கம் உண்டு. வருகிற பெண்களின் பேரை எழுதமாட்டார்கள். ஆரம்ப காலத்தில் ஒரு புருஷன்காரன் ஆள்பலத்தோடு வந்து நோட்டைப் பிடுங்கிப் பேரைப் பார்த்து, பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டானாம். அதிலிருந்து தேதியைப் போட்டு, வந்தவள் கையில் என்ன இருந்தது, எப்படித் தப்பி வந்தாள் என்று மட்டும் எழுதுவார்கள். 'கையில் குடை.' 'இடுப்பில் பிள்ளை, கையில் ஒற்றைச் செருப்பு.' 'கையில் பள்ளிக்கூடச் சான்றிதழ்.' யார் எவர் என்பது எழுதினவளுக்கும் எழுதப்பட்டவளுக்கும்தான் வெளிச்சம்.

இந்த வருஷம் சங்கத்துக்கு முப்பத்தைந்தாவது ஆண்டு விழா. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நுரையீரல் போய்விட்டது, தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செயலாளரம்மா பட்டறைக்கே வந்தார். சங்கத்தில் சேர்ந்து ஆறு வருஷம்தான் ஆகிறது, சின்ன வயசு.

"அண்ணா, தாழ்ப்பாளக்காவுக்குக் கேடயம் கொடுக்கிறோம். அவங்க சார்பா நீங்க மேடைக்கு வரணும்."

"பெஞ்சைத் தாண்டலாமா?" என்றார் தச்சர்.

செயலாளரம்மா சிரித்தார். "மண்டபத்துலதானே விழா. அங்க பெஞ்சு கிடையாதுண்ணா."

மனசு குளிர்ந்துதான் போயிற்று. முப்பது வருஷத்துக்குப் பிறகாவது உள்ளே கூப்பிட்டார்களே. செயலாளரம்மா ஒரு தாளை எடுத்து நீட்டினார். பழைய நோட்டிலிருந்து நகல் எடுத்தது.

"சங்கத்து வரலாறா நோட்டுல இருந்து ஒரு பக்கத்தை வாசிக்கப்போறோம். உங்களுக்குக் கேடயம் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதுதான். படிச்சுப் பாருங்க, கண்ணு கலங்கிடும்."

அவர் போன பிறகு தச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

'கையில் ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பியை வளைத்துக்கொண்டு வந்தவர். இதற்கு முன் இரண்டு முறை தாய்வீட்டுக்குத் தப்பிப் போய், இரண்டு முறையும் கணவனிடம் ஒப்படைக்கப்பட்டவர். வீட்டுக் கதவுக்கு வெளிப்புறம் தாழ்ப்பாள். கணவன் சொல்லி அதைப் பொருத்திக் கொடுத்தது, கூடப் பிறந்த தம்பி.'

மேலே தேதியைப் பார்த்தார். பார்க்கவே தேவையில்லை.

அது எட்டங்குல இரும்புத் தாழ்ப்பாள். "திருட்டு பயமா இருக்கு மச்சான், வெளிய ஒண்ணு போட்டுக் கொடு" என்றுதான் அக்கா புருஷன் கேட்டான். திருடனுக்குப் பயந்தவன் பூட்டுதானே கேட்பான், ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே எதற்குத் தாழ்ப்பாள்? தச்சனுக்கு அது தெரியாதா? தெரியும். ஓடி ஓடி வந்து குடும்ப மானத்தை வாங்குகிறாளே, ரெண்டு நாள் அடங்கிக் கிடக்கட்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தார். நாலு ஸ்க்ரூ. அவர் முடுக்கும்போது அக்கா உள்ளேதான் நின்றாள்.

இத்தனை வருஷமும், அக்கா குடும்பத்தைச் சேர்த்து வைக்கப் பாடுபட்டேன் என்றுதான் அவர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பேர் எழுதுகிற வழக்கம் இருந்திருந்தால், செயலாளரம்மா இந்தப் பக்கத்தையும் அவரையும் ஒரே மேடையில் ஏற்றியிருக்கமாட்டார்.

மறுநாள் மத்தியானம் பட்டறையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜன்னலோரக் கட்டில். மூக்கில் குழாய். பக்கத்துக் கட்டில்காரி தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் தாளைப் பிரித்துக் காட்டினார்.

"நீதானே இது?"

அக்கா பார்த்தாள். "பேரு போட்டிருக்கா?"

"விளையாடாத. இதுக்குத்தான் என்னை வெளிய உக்கார வச்சியா?"

"நீ என்ன அவ்வளவு பெரிய ஆளா, உனக்குன்னு தனியா பெஞ்சு போட?" மூச்சு வாங்கியது. "அம்மா போனன்னிக்கு உன்னை உள்ள கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் அது உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. உள்ள பதினோரு பேர்டா. பாதிப் பேர் புருஷனுக்குப் பயந்து வந்தவங்க இல்ல. அண்ணன் தம்பி வந்து கூட்டிட்டுப் போயிருவானோன்னு பயந்து வந்தவங்க. கதவைத் திறந்து, இது என் தம்பி, ரொம்ப நல்லவன்னு சொல்லவா?"

தச்சர் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டு நின்றார். இரும்புக் கட்டில். அவர் கைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

"அந்தத் தாழ்ப்பாளைப் பத்தி ஒருநாள்கூட நீ கேக்கலையே" என்றார்.

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

நர்ஸ் வந்து குழாயைச் சரிபார்த்துவிட்டு, "பேச வைக்காதீங்க" என்று சொல்லிப் போனாள். தச்சர் தாளை நாலாக மடித்தார். கேடயம், மாலை, உறவுக்காரர்கள், பட்டறைக்கு வருகிறவர்கள், முன் வரிசையில் உட்காரப்போகிற மகள், மருமகன் என்று ஒவ்வொன்றாக வந்து கண்ணில் நின்றது.

"செயலாளரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்கா. அவங்களுக்கு இது நம்ம சமாசாரம்னு தெரியாது. வேற பக்கம் வாசிக்கட்டும். எத்தனை பக்கம் இருக்கு, இதுதானா கிடைச்சுது?"

அக்கா கையை நீட்டினாள். அவர் தாளைக் கொடுத்தார். அவள் மடிப்பைப் பிரித்து, நெஞ்சின் மேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள். திரும்ப அவரிடமே கொடுத்தாள். பிறகு அவரிடம் ஒன்று கேட்டாள். அதுதான் கடைசி. புதன்கிழமை காலை அவள் மூச்சு நின்றது. விழா சனிக்கிழமை.

"வாசிக்கட்டும். ஆனா வேற யாரும் வேணாம், நீ வாசி. எழுத்துக்கூட்டித்தான் வருமா, பரவாயில்ல, மெதுவா வாசி. முடிச்சிட்டு, கூடப் பிறந்த தம்பின்னு போட்டிருக்கே, அது நான்தான்னு சொல்லிட்டுக் கீழ இறங்குடா."