தேய்ந்ததல்ல, நான் ராவியது

ஓலை வேய்ந்த ஒற்றை அறை இருந்த இடத்தில் மாடியோடு வீடு எழுப்பியவன் நான். அருமனையில் சொந்தக் கடை போட்டேன். இரண்டு பெண்மக்களை நர்சுக்குப் படிக்க வைத்தேன், மகனை வளைகுடாவுக்கு அனுப்பினேன். நானோ பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டு நின்றதுதான் அதிகம். அப்பன் சொத்தென்று வந்தது ஒரு வெட்டுகத்தி. மற்றதெல்லாம் காலால் மிதிக்கிற ஒரு தையல் மிஷினிலிருந்து வந்தது.

அதையெல்லாம்விடப் பெரிது நான் உண்டாக்கிய ஒட்டுப்பால் பை. ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், மரத்திலும் பால் வடியும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துத் தோளில் தொங்கும் பையில் போடுவார்கள். முன்பெல்லாம் உரச்சாக்கை வெட்டிக் கட்டிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் வார் பிய்ந்துவிடும். நான் ரெக்சினை நாலாக மடித்து, வாரை அந்த மடிப்புக்குள் செருகித் தைத்தேன். பை கிழிந்தாலும் வார் கிழியாது. ஆனால் அந்தத் தடிப்பில் மிஷின் ஏற வேண்டுமே. துணியை அமுக்கிப் பிடிக்கும் இரும்புப் பாதம் மடிப்பில் முட்டி நிற்கும், ஊசி ஒடியும். அரத்தை எடுத்து அந்தப் பாதத்தின் முன்பக்கத்தைத் தோணி மூக்கு மாதிரி ராவினேன். எத்தனையோ பாதங்களைக் கெடுத்த பிறகு ஒன்று சரியாக வந்தது. மடிப்பில் வழுக்கிக்கொண்டு ஏறியது. யாரும் சொல்லித் தந்ததல்ல.

இப்போது கடை மருமகள் கையில். ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நின்றிருந்த சமயம், நான் கண் ஆபரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டில் இருந்தேன். சக்கரம் இறுகிவிட்டதென்று மருமகள் மிஷினைப் புதுக்கடை என்ற ஊரில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்திருக்கிறாள். நாளைக்கு, நாளைக்கு என்று அலையவிட்டு, கடைசியில் கடைக்காரன் பெயிண்ட் அடித்துத் தந்தான். பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிற பளபளப்பு. தைத்தால் ஊசி ஒடிகிறது. வெட்டு தொடங்கும் முன் ஒரு எஸ்டேட்டுக்குப் பை கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த முறை வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

நான் திரும்பி வந்தபோது அவள் ஒடிந்த ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்க கைதான் சரியில்ல போல, மாமா."

புதுக் கண்ணால் குனிந்து பாதத்தைப் பார்த்தேன். "ஒனக்க கைக்கு ஒண்ணும் இல்ல மக்கா. மிஷினுக்க கால மாத்திப் போட்டிருக்கான்."

மறுநாள் பஸ் ஏறிப் புதுக்கடைக்குப் போனேன். பழைய பாதம் எங்கே என்று கடைக்காரனைக் கேட்டேன்.

"அது தேஞ்சு போனதாக்கும் பாட்டா. முன்பக்கம் ஒண்ணுமே இல்ல. ஆக்கர் கடைக்குப் போயாச்சு."

பழைய இரும்போடு இரும்பாகத் தூக்கிப் போட்டுவிட்டான்.

"தேயல்ல. நான் அரம் வச்சு ராவினது."

"நல்ல பாதத்த ஆராவது ராவுவாவளா?" என்று சிரித்தான்.

"பல்லு பிடுங்குற டாக்டர்கூட பிடுங்கின பல்லக் காட்டிட்டுத்தான் தூரக் களைவான். நீ கேக்காம பிடுங்கிட்டு, இப்ப இளிக்கவும் செய்யியா?"

"கோவப்படாதியும் பாட்டா. புதுசுக்கு நான் பைசா வாங்கல்லியே."

"லேய், நான் பைசாவா கேட்டேன்? அரத்த எடு."

அவன் ஸ்டூலிலேயே உட்கார்ந்து ராவினேன். அவனுடைய புதுப் பாதங்களில் இரண்டு கெட்டன. கெடட்டும். அடுத்ததை அங்கிருந்த மிஷினில் மாட்டி ஒரு ரெக்சின் துண்டில் தைத்தேன்; நாலு மடிப்பில் ஏறி இறங்கியது. அவன் அந்த ரெக்சின் துண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. பாதத்தை நம் கடைக்குக் கொண்டுவந்து மாட்டினேன். மருமகள் வெட்டு தொடங்கும் முன்பே பைகளைக் கொடுத்து முடித்தாள்.

இத்தோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் பை தைக்கிற ஒருவர் நம் கடைக்கு வந்து, "புதுக்கடையில ஒருத்தன் தடிச்ச தையலுக்குன்னே ஒரு பாதம் கண்டுபிடிச்சு விக்கியான், அண்ணாச்சி. மூளக்காரனாக்கும்," என்று எடுத்துக் காட்டினார். அதே தோணி மூக்கு. உடனே போன் போட்டேன்.

"அது எல்லா மெக்கானிக்குக்கும் அறிஞ்ச வேலையாக்கும் பாட்டா," என்கிறான் அந்தக் கடைக்காரன்.

எல்லோரும் அறிந்த வேலை என்றால், என் மிஷினில் அதைப் பார்த்தபோது இவன் மட்டும் ஏன் அறியவில்லை? தேய்ந்தது என்று எறியும்போது அது என்னுடையது; விற்கும்போது ஊருக்குப் பொதுவா?

விற்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது, இது அருமனையில் ஒட்டுப்பால் பை தைக்கிறவர் ராவிக் காட்டியது என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். முதலில் என் மருமகளிடம் வந்து சொல்லட்டும். தன் கை சரியில்லை என்று அவளை நினைக்க வைத்தவன் அவன்தான்.