நான் உட்கார்ந்த வீல்சேர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்த மறுவாரம். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறக் காத்திருந்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று நடந்ததை என் பிள்ளைகளிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயத்தை யார்தான் வீட்டில் உட்கார்ந்து சொல்லுவார்கள்?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிள்ளான்காரி. முப்பத்திரண்டு வருடம் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கம் தாதியை ‘மிஸ்ஸி’ என்பார்கள். இன்றைக்கும் பாசாரில் மீன் விற்கிறவர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். அப்போது எனக்கு வயது அறுபத்து நான்கு. காலையில் பூங்காவில் உடற்பயிற்சி செய்யும் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து, பூக்கெட்டுக்கும் பினாங்குக்கும் போய்வரும் நான்கு நாள் கப்பல் பயணத்துக்குப் பதிந்திருந்தோம். “அம்மா, அது மிதக்கிற முதியோர் இல்லம்லா. போய் பிங்கோ விளையாடிட்டு வாங்க” என்று என் மகன் கிண்டல் செய்தான். எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகளை வளர்த்து, வேலை பார்த்து, கடனெல்லாம் அடைத்துவிட்டுப் போகிற பயணம்தானே அது? எங்கள் வயதுக்காரர்களுக்கென்றே விட்டிருக்கும் கப்பல் என்றுதான் நானும் நினைத்தேன்.

வீல்சேர் யோசனை பக்கத்து ஊர் காப்பாரிலிருந்து வரும் என் தோழியுடையது. ஓய்வு பெற்ற ஆசிரியை, பேச்சில் கெட்டிக்காரி. “ஏர்போர்ட்ல நான் எப்பவும் இப்படித்தான். வீல்சேர் வேணும்னு டிக் பண்ணிட்டா கியூவே கிடையாது. அறுபது தாண்டின பொம்பளைய ஏன் எதுக்குன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்” என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். ஆறு பேரும் டிக் செய்தோம். அந்த வருடத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, பத்துமலையின் இருநூற்று எழுபத்திரண்டு படிகளையும் ஏறி இறங்கியவள் நான். பயணத்துக்கு முன் வேண்டுமென்றே தலைக்கு மை போடாமல் விட்டேன். நரை தெரிந்தால்தானே நம்புவார்கள்!

துறைமுக மண்டபத்தில் வரிசை வாசல்வரை நீண்டு நின்றது. என் மகன் சொன்னது போலவும் இல்லை, நான் நினைத்தது போலவும் இல்லை. பாதிக்குப் பாதி இளவட்டங்கள். கைக்குழந்தைக்காரர்கள், புதுமணத் தம்பதிகள், ஒரே நிற டீ-சர்ட் போட்ட அலுவலகக் கூட்டம். ‘இந்த வயசுல இதுங்களுக்கு என்ன கப்பல்?’ என்று தோழி முணுமுணுத்தாள். எங்கள் பெயரைச் சொன்னதும் கப்பல் பணியாளரான ஒரு மலாய்க்காரப் பெண் ஆறு வீல்சேர்களை வரவழைத்தாள். யாருக்கு என்ன நோய் என்று அவள் கேட்கவில்லை. எங்கள் தலையைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் ஒரு முனகலோடு உட்கார்ந்தேன். அந்த முனகல் தேவையே இல்லை, இருந்தாலும் முனகினேன்.

எங்களுக்குப் பின்னால் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு அறுபதுக்குள் இருக்கும், தலை முழுக்க வெள்ளை. மகளுக்கு முப்பது, முப்பத்தொன்று. நல்ல சிவப்பில் உதட்டுச் சாயம், அதே நிறத்தில் நகப்பூச்சு, பெரிய காது வளையம். வீல்சேர் கேட்டு எழுதியிருப்பதாகத் தாய் சொன்னதும், பணிப்பெண் தாயைப் பார்த்து, நாற்காலி எல்லாம் போய்விட்டது, அரை மணி நேரத்தில் திரும்பி வரும் என்றாள். “எனக்கில்லம்மா, இவளுக்கு” என்று தாய் மகளைக் காட்டினாள். பணிப்பெண் மகளை மேலும் கீழும் பார்த்து, ‘மூடா லாகி’, இன்னும் இளசுதானே என்று சிரித்தாள். வயதானவர்களுக்குத்தான் முதலில் என்றும் சொன்னாள்.

தாய் என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்கள்ல யாராவது நடக்க முடிஞ்சா, இவளுக்குக் கொஞ்சம் குடுப்பீங்களா? இவளுக்கு மூச்சு வாங்கும்.”

மூச்சு வாங்கும். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை காதில் விழுந்த சொல்! அதைக் கேட்டதும் எழுந்திருக்க வேண்டியவள் நான். என்ன சொன்னேன் தெரியுமா?

“எனக்கு ரெண்டு முட்டியும் போச்சும்மா. சின்னப் பிள்ளைதானே, நாலு எட்டு நடந்தா உடம்புக்கு நல்லது. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நடக்கவே சோம்பல்லா.”

தோழி களுக்கென்று சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு நன்றாகக் கேட்டிருக்கும், இரண்டடி தூரத்தில்தான் நின்றாள். அவள் முகம் சுருங்கியது. “பரவாயில்ல ஆன்டி, நீங்க உக்காருங்க” என்றாள். பிறகு தாயிடம், “வாம்மா, நடந்துடலாம்” என்று கையைப் பிடித்தாள். அரை மணி நேரம் காத்திருந்திருக்கலாம். காத்திருக்க விடாமல் செய்தது என் வாய்தான்.

கப்பலுக்குப் போகும் பாதை நீளம், கடைசியில் ஏற்றம் வேறு. என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர்களைத் தாண்டிப் போனோம். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றிருந்தாள். கைபேசியைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கையில் கைபேசி இருந்ததா என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

அன்று சாயங்காலமே மேல்தளத்தில் பாட்டுப் போட்டு ஆட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பணியாளர் எங்கள் கையில் பிங்கோ சீட்டைத் திணிக்கப் பார்த்தார். “போங்கடா நீங்களும் உங்க பிங்கோவும்” என்று நாங்கள் ஆறு பேரும் முதல் வரிசையில் போய் ஆடினோம். குதித்துக் குதித்து ஆடினேன். திரும்பிப் பார்த்தால், ஓரத்து நாற்காலியில் அந்தத் தாயும் மகளும். மகள் என்னைப் பார்த்துவிட்டாள். முட்டி போன ஆன்டி! அவள் முறைக்கவில்லை. சிரித்து, மெதுவாகக் கை தட்டினாள். எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

மறுநாள் கப்பல் பூக்கெட்டுக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டது. கரைக்குச் சின்னப் படகில் போக வேண்டும். வீல்சேர் பட்டியலில் இருந்ததால் எங்களுக்கு முதல் படகு. கடைகடையாக ஏறி இறங்கிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் திரும்பினோம். படகு ஆட்டத்தில் தோழிக்கு ஒரே வாந்தி. அவளுக்கு மாத்திரை வாங்க, கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்த மருத்துவ அறைக்குப் போனேன்.

அங்கே திரைக்கு வெளியே அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். திரை பாதி விலகியிருந்தது. உள்ளே அவள் மகள், முகத்தில் ஆக்சிஜன் மூடி. உதட்டுச் சாயத்தைத் துடைத்திருந்தார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். சாயம் இருந்தால் அளவு சரியாகத் தெரியாது என்று ஒரே ஒரு விரலில் மட்டும் நகப்பூச்சை எடுத்திருந்தார்கள். ஒன்பது நகம் சிவப்பு. அந்த ஒரு நகம் நீலம்.

எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த காலும் வீங்கியிருந்தது. நுரையீரலுக்குப் போகிற இரத்தக் குழாயில் அழுத்தம், இதயமும் களைத்துவிட்டது என்று தாய் சொன்னாள். நான்கு வருடமாக இருக்கிறதாம். விமானம் கூடவே கூடாது, மெதுவாகப் போனால் கப்பல் பரவாயில்லை என்று டாக்டர் சொன்னதால் வந்திருக்கிறார்கள். தாய் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கிறவள். வெளிநாடு எதற்கும் போனதில்லை. எங்கம்மா கால் ஒரு தடவையாவது வெளிநாட்டு மண்ணில் பட வேண்டும் என்று மகள்தான் எல்லா ஏற்பாட்டையும் செய்தாளாம். அன்று காலையில் மகளால் எழுந்திருக்கவே முடியவில்லை. மகளை விட்டுவிட்டுத் தாய் எப்படி இறங்குவாள்?

சுவரில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். அதில் கரையும் மலையும் மங்கலாகத் தெரிந்தன.

“அதோ தெரியுதே அக்கா, அதுதானே பூக்கெட்?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். என் கையில் பூக்கெட் கடைப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எங்கே மறைப்பது என்று தெரியவில்லை. அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் மிஸ்ஸியாக இருந்தவள், எனக்கு முட்டி வலியே கிடையாது, வரிசையில் நிற்கச் சோம்பல்பட்டு வீல்சேரில் உட்கார்ந்தேன் என்று சொல்லி அழுதேன்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“தெரியும் மிஸ்ஸி. நீங்க ஆடினதப் பாத்தோமே. இவதான் சொன்னா, ‘பாரும்மா, எனக்கப்புறம் நீ அந்த ஆன்டி மாதிரி ஃப்ரெண்ட்ஸோட ஜாலியா இருக்கணும்’னு. லிப்ஸ்டிக் போடாதடி, போட்டா உன்னை யாரும் சீக்காளின்னு நம்ப மாட்டேங்கிறாங்கன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். நம்ப வேணாம்மா, நல்லா இருக்கேன்னு நினைச்சா நினைச்சிட்டுப் போகட்டும்னுவா.”

இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலை பினாங்குத் துறையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. ஸ்ட்ரெச்சர் முதலில் இறங்கியது. பின்னால் தாய், மகளின் கைப்பையையும் செருப்பையும் நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். அவளுடைய வெள்ளைத் தலையைப் பார்த்ததும் ஒரு பணியாளர் ஓடோடி வந்து வீல்சேரை விரித்தார். “உட்காருங்க ஆன்டி” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்ல முடியாது.

தாய் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உட்காரவில்லை. மகளின் கைப்பையை அதில் வைத்தாள். செருப்பையும் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஸ்ட்ரெச்சரின் பின்னால் வேகமாக நடக்க ஆரம்பித்தாள். நான்தான் அந்த வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஆம்புலன்ஸ் வரைக்கும் போனேன், என் போன் நம்பரையும் தாயிடம் எழுதிக் கொடுத்தேன். தோழியும் மற்றவர்களும் திரும்பும்போது வீல்சேர் கேட்கவில்லை.

பதினோராம் நாள் தாயிடமிருந்து போன் வந்தது. மகள் போய்விட்டாள்.

பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி, லிஃப்ட் கெட்டிருந்தது. படியேறினேன். எனக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. அதை நினைத்து நாலாவது மாடியில் நின்று அழுதேன். கூடத்தில் மாலை போட்ட படம், அதே சிவப்பு உதட்டுச் சாயம், சிரிப்பு. தையல் மெஷின்மேல் பாதி தைத்த ரவிக்கை கிடந்தது. தாய் மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“மிஸ்ஸி, நீங்க படிச்சவங்க. உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு அவ நடக்காம இருந்திருந்தா?”

வார்டில் எத்தனையோ பேர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் சொன்ன பதிலையே இவளுக்கும் சொன்னேன். “எப்படி இருந்தாலும் நடந்திருக்கும்மா. யாராலயும் தடுத்திருக்க முடியாது.” அவள் தலையாட்டி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோய் முற்றித்தான் இருந்தது, அது உண்மை. அந்த ஏற்றமும் அவளை உலுக்கியிருக்கும், அதுவும் உண்மை. நான் சொன்னது எந்த அளவு நிஜம் என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருக்கிறது.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தத் தாயைப் போய்ப் பார்க்கிறேன், ரவிக்கை தைக்கக் கொடுக்கிறேன். எங்காவது போய் வரலாமா என்று ஒருமுறை கேட்டேன், வேண்டாம் மிஸ்ஸி என்றாள். இப்போதெல்லாம் ரயிலில் என் நரையைப் பார்த்து ஏதாவது ஒரு பெண் “உக்காருங்க ஆன்டி” என்று எழுந்தால், என் கண் முதலில் அவள் நகத்துக்குத்தான் போகிறது. பெரும்பாலும் சாயம் பூசியிருக்கிறார்கள், அதற்கடியில் என்ன நிறம் என்று எனக்குத் தெரிவதில்லை, அதனால் நான் நின்றுகொண்டே வருகிறேன்.